அழைப்பைக் குடிக்கும் சுவர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, குட்டி, நான் மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று சிரிப்பாய், காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாவாமல் படி. அப்பாவுக்குக் காதில் மாட்டும் கருவி வந்துவிட்டது, ஆனால் நான் வாயைத் திறந்ததும் அவர் கை தானாகப் போய் அதை அணைத்துவிடுகிறது, கேட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்கிறார். உன் தங்கச்சி குட்டிக்குப் பரீட்சை முடிந்தது, எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறேன் என்கிறாள், அவள் நன்றாக என்று சொன்னாலே நான் சாமிக்கு நேர்ந்துகொள்ள ஆரம்பித்துவிடுவேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மாதத்தை ஓட்டுகிறார். இதெல்லாம் நம் வீட்டு வழக்கமான கதை. எழுத வந்தது வேறு.

என் வேலை உனக்குத் தெரியும். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று காப்புரிமை கேட்டு வந்தால், அது நிஜமாகவே புதிதா, இதற்கு முன்னால் வேறு யாரும் செய்ததில்லையா என்று துருவிப் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அம்மா ஆபீசுக்குப் போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று நீ சின்ன வயசில் தெருவெல்லாம் சொல்லிவைத்தாய், அது பெரிய பொய்யும் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு ஃபெரைட் தூள் என் மேசைக்கு வந்தது. இரும்பு ஆக்சைடோடு வேறு ஓரிரண்டு உலோகம் சேர்த்துச் சூளையில் சுட்டு அரைத்த கருந்தூள், காந்தத்தைக் காட்டினால் மயிர்க்கூச்செறிவது மாதிரி எழுந்து நிற்கும். அதைப் பசையில் குழைத்துச் சுவரில் பூசினால் ரேடியோ அலை, போன் அலை எதுவும் தாண்டிப் போகாது, திரும்பியும் வராது, கறுப்புத் துணி வெயிலைக் குடிக்கிற மாதிரி அந்தத் தூளுக்குள்ளேயே போய்ச் சூடாகி அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு அளக்கும் கருவிகள் தப்பாகக் காட்டாமல் இருக்க அந்த அறைகளுக்குப் பூசலாம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். படிக்கும்போதே நல்ல மனசுள்ள ஆள் செய்த வேலை என்று தோன்றியது. தேடிப் பார்த்தேன். அதே உலோகங்கள், அதே கலவை, பழைய ஆவணங்களில் ஏற்கெனவே இருந்தது, புதிது என்று சொன்னால் அந்தத் துகளின் வடிவம் மட்டும்தான், உருண்டையாக இல்லாமல் மீன் செதில் மாதிரி தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி இருந்தது. அந்த வடிவத்தால் என்ன லாபம், சோதனை முடிவைக் காட்டுங்கள் என்று கேட்டு அறிக்கை அனுப்பினேன். இது வழக்கமான கேள்விதான்.

பதில் வந்தபோது விண்ணப்பமே ஆள் மாறியிருந்தது. ஆஸ்பத்திரி காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக 'மனிதர் தங்கும் அறை' என்று வந்திருந்தது, சுவரில் அந்தப் பூச்சு, மேலே மரப்பலகை, உள்ளே ஒரு சின்னக் கருவி. அதோடு ஒரு வரி, 'உள்ளே இருப்பவர் அறியாதபடி'. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கோரிக்கைகளைப் படித்திருக்கிறேன், ஒரு கோரிக்கையைப் படித்துவிட்டு மேசையை விட்டு எழுந்து போனது அன்றைக்குத்தான்.

விசாரணைக்குக் கூப்பிட்டேன். நிறுவனத்தின் ஏஜென்ட் வந்தார், பேச்சில் வெண்ணெய் தடவிய மனிதர். கூடவே அந்தத் தூளைச் செய்த வேதியியல்காரரும் வந்தார், உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவராக இருப்பார், நகக்கண்ணெல்லாம் கறுப்பு, எத்தனை கழுவினாலும் போகாதாம். மனசுக்குள் அவருக்குப் பொடிக்காரர் என்று பேர் வைத்துவிட்டேன், மூக்குப்பொடி இல்லை, இந்தப் பொடி. ஏஜென்ட் உள்பக்கம் பூச்சு பூசிய ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து என் போனை அதற்குள் வைக்கச் சொன்னார், பெட்டிக்குக் கம்பிவலை பதித்த ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வழியாகப் பார்த்தால் போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது. மேசைப் போனிலிருந்து என் எண்ணுக்கு அடிக்கச் சொன்னார். அடித்தேன். என் காதில் மணி அடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது, பெட்டிக்குள் இருந்த போனோ அசையவே இல்லை, திரைகூட எரியவில்லை. அந்தச் சின்னக் கருவி, ஒரு கம்பி வழியாகப் போன் இருக்கிறது என்று மட்டும் வெளியே சொல்லுமாம், வருகிற அழைப்பை உள்ளே விடாதாம், உள்ளே இருந்து கூப்பிட்டாலும் மணி அடிக்கிற மாதிரி கேட்கவைத்து ஏமாற்றுமாம், அழைப்பு வெளியே போகாதாம். ஏஜென்ட் சந்தோஷமாகச் சிரித்தார். இது யாருக்கு எதுக்கு என்று கேட்டேன். "அமைதி வேணும்னு நினைக்கிறவங்களுக்கு மேடம்" என்றார். அமைதி வேண்டும் என்பவர் போனை அணைத்துவிட்டுப் போகிறார், அவருக்கே தெரியாமல் எதற்கு என்றேன். அவர் பெட்டியைத் திறந்து என் போனை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் பொடிக்காரர் தலை நிமிர்ந்தார், "நான் ஆஸ்பத்திரிக்குத்தான் மேடம் செஞ்சேன், அந்தக் கருவி என்னோடது இல்ல, இது வேண்டாம்னு நானே உங்க ஆபீசுக்கு எழுதப் போறேன்" என்றார். ஏஜென்ட் அவர் தோளில் கையை வைத்தார். அடிக்கவில்லை, அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்தார், ஆனால் அந்தப் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டது.

அவர் எழுதுகிறேன் என்றது வரவே இல்லை. அதற்குப் பதில் எங்கள் மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு, "எதுக்கும்மா இழுக்கிற, தட்டையா இருக்கிற துகள் புதுசுதானே, கொடுத்துட்டுப் போ" என்றார். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துப் பேசினார். சில வாரம் கழித்து வரவேற்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பொடிக்காரரின் மனைவி. கம்பெனி வேலையாகப் போனவர் திரும்பவில்லை, கம்பெனியில் கேட்டால் விருந்தினர் அறையில் தங்கி அவசர வேலை பார்க்கிறார் என்கிறார்கள், உள்ளே விடுவதில்லை. கடைசியாகப் போகும்போது, என்னைப் பற்றி ஏதாவது கேட்கணும்னா காப்புரிமை ஆபீஸ் மேடத்தைப் போய்ப் பார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். போன் பண்ணிப் பார்த்தாயா என்று நான் கேட்டேன். "தினமும் பண்றேன் மேடம், நல்லா அடிக்குது, அவர்தான் எடுக்க மாட்டேங்கிறார், என்மேல என்ன கோபம்னே தெரியல" என்று சொல்லி அழுதாள். கண்ணா, அவள் அழுததைவிட அந்த 'நல்லா அடிக்குது' என்ற சொல்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது, அந்தப் பெட்டிக்குள் வைத்த என் போனும் எனக்கு நன்றாகத்தான் அடித்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெட்டியையும் அதில் நான் பார்த்ததையும் விவரமாகச் சொன்னேன், விண்ணப்பத்தில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், டீ வரவழைத்துக் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவர் போனை எடுத்து அந்த எண்ணை அடித்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். அடித்தது. "அடிக்குதுல்ல? போன் உயிரோட இருக்கு, கம்பெனியும் இங்கதான் இருக்கார்ங்குது, அப்புறம் காணோம்னு நான் எப்படிம்மா எழுதுறது, புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும்" என்றார். வெளியே வந்து அந்தப் பெண் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஆபீசுக்குத் திரும்பி, அன்றைக்கே மறுப்பு ஆணையை எழுத ஆரம்பித்தேன். முதலில் சொல்லாததை நடுவில் நுழைத்திருக்கிறீர்கள், அதுவே போதும் மறுக்க, அதற்கு மேல் ஒரு மனிதரை அவருக்குத் தெரியாமலே உலகத்திலிருந்து துண்டிப்பதைக் கண்டுபிடிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சட்ட வார்த்தைகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பிள்ளை உயிரோடு வந்துவிட்டார், பயப்படாதே. தாடியும் மீசையுமாக, மனைவியோடு நம் வீட்டுக்கே வந்தார். அவர் சொன்னதைக் கேட்டபோது அடித்திருந்தால்கூடப் பரவாயில்லையே என்று நினைத்தேன். யாரும் அவரை அடிக்கவில்லை, கதவைப் பூட்டவும் இல்லை. நல்ல அறை, நல்ல மெத்தை, வேளைக்குச் சாப்பாடு. ரகசிய வேலை என்பதால் போனை அறையை விட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று மட்டும் ஒரு விதி. அறைக்குள் சிக்னல் முழுசாக இருந்தது, ஆனால் யாரும் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டால் மணி அடித்தது, மனைவி எடுக்கவில்லை. நண்பர்கள் எடுக்கவில்லை. "எல்லாரும் என்னை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன் மேடம். ஒரு கட்டத்துல இனிமே யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறதுன்னு தோணிடுச்சு, அந்தக் கருவியும் என்னோடதுதான்னு நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். தான் செய்த பொடியையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை, மேலே மரப்பலகை அல்லவா. ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் படுக்கையில் தூக்கிப் போட்டாராம், அதன் காந்த மூடி தெறித்துப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றதாம். மரத்தில் காந்தம் ஒட்டுமா? பலகை இடுக்கில் விரலை விட்டுச் சுரண்டினார், நகத்தில் கறுப்பு. எழுந்து நடந்து வெளியே வந்தார், காவலாளி கார் சொல்லட்டுமா சார் என்று மரியாதையாகக் கேட்டானாம். இதைச் சொல்லும்போது அவர் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தாள், இத்தனை நாளும் நீங்கதான் எடுக்கலைன்னு நான் நினைச்சேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

என்னை ஆபீசில் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், பழைய கோப்புகளைத் தரம் பிரிக்கிற வேலை, தூசிக்குத் தும்மல் வருகிறது, மற்றபடி ஒன்றுமில்லை, இதற்காக நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. எனக்கு உறுத்துவது வேறு. காப்புரிமை மறுத்தால் ஒரு பொருள் செத்துவிடாது. அது அந்த நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்றுதான் அர்த்தம், இனி யார் வேண்டுமானாலும் அரைக்கலாம், யார் வேண்டுமானாலும் பூசலாம். பொடிக்காரர் சொன்னார், கடைசியாக அவர் பார்த்தபோது மூட்டை மூட்டையாக லாரியில் ஏறிக்கொண்டிருந்ததாம், கட்டுமான இடங்களுக்கு என்று டிரைவர் சொன்னானாம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பேசும்போது, பாலத்துத் தூணின் கான்கிரீட் சோதனையில் தேறவில்லை, தேறியதாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் அம்மா என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கோபப்படுவார்கள் என்று பார்த்தால் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கட்டுமானத் தளத்திலேயே புது அறை கொடுத்திருக்கிறார்கள், சுவரெல்லாம் மரப்பலகை, வெளிச்சத்தமே கேட்காதாம், போனை மட்டும் அறையிலேயே வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டுமாம், நாளைக்குக் குடிபோகிறேன் என்றாய். அதையும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன், நான் ஒரு முட்டாள். அதற்குப் பிறகு உனக்கு அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. அனுப்பிய செய்திகள் எதையும் நீ படித்ததாகக் காட்டவில்லை. முந்தாநாள் யாரோ லாரி டிரைவரின் போனிலிருந்து நீ கூப்பிட்டு, "என்னம்மா, எல்லாரும் என்னை மறந்துட்டீங்களா, அந்த ரூமுக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூடக் கூப்பிடல" என்று சிரித்தாய், நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவருக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாய். திரும்ப அந்த எண்ணுக்கு அடித்தேன், அவர் அதற்குள் எங்கேயோ போய்விட்டார். நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்ததை நான் கேட்டுவிட்டேன். நாங்கள் மறக்கவில்லை. நான் காலையில் அடிக்கிறேன், குட்டி கல்லூரியிலிருந்து அடிக்கிறாள், அப்பா எனக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய் அடிக்கிறார். ஒருவர்கூட உன்னை விடவில்லை. இந்த ஒன்றை மட்டும் மனசில் கெட்டியாக வைத்துக்கொள், மற்றதெல்லாம் அப்புறம்.

கம்பெனி முகவரிக்கு இதை அனுப்பவில்லை. உன் பழைய வீட்டுக்காரம்மாவின் போன் எண் என்னிடம் இல்லை, முகவரி இருக்கிறது, உன் பைக்கை அங்கேதான் நிறுத்தியிருக்கிறாய் என்பதால் எப்படியும் வருவாய் என்று கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் அங்கேயே இரு. பெட்டி, துணிமணி, சான்றிதழ் எதற்கும் அந்த அறைக்குத் திரும்பாதே. உன்னை எனக்குத் தெரியும், நிஜமா என்று ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கத் தோன்றும், வேண்டாம், அம்மா பார்த்தாகிவிட்டது. யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பி வா. இந்த வாரத்துக்குள் உன் குரல் கேட்காவிட்டால் நானும் அப்பாவும் அங்கே வந்து நிற்போம், அப்பா இப்போதே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார், நடக்கிறவர்கள் எல்லாரும் அதில் இடறுகிறார்கள்.

நீ நீண்ட ஆயுளோடு, எடுத்த முடிவிலிருந்து வளையாமல், யாருக்கும் பயப்படாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவின் போனை வாங்கி உடனே கூப்பிடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, இங்கே அடித்தால் கேட்கும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா