திரையில் ஒட்டிய பிஸ்கட் அட்டை

அக்கா,

இன்று காலை அலுமாரியின் அடி லாச்சியை இழுத்தேன். நான் தேடியது மழைக்குத் தலையில் கட்டும் துண்டு. கையில் அகப்பட்டது உங்கள் தகர டின். மூடியைத் திறந்ததும் சாதிக்காய் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டே பொருள். கறுத்துப்போன ஒரு சாதிக்காய். பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய ஓர் அட்டைத் துண்டு. அதன் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் காய்ந்து மஞ்சளாகிவிட்டது. துண்டை மறந்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போனவர்கள்மேல் கோபம் வைக்கக் கூடாது என்று கோயிலிலும் சொல்கிறார்கள், உங்கள் சேர்ச்சிலும் சொல்வார்கள். எனக்கு அந்தப் படிப்பு ஏறவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தானே. ஆனால் நடந்ததில் ஒன்றையும் நான் மறக்கவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்பு நாம் இருவரும் பத்து வார்த்தை பேசியிருப்போமா? நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த யாழ்ப்பாணத்து மிஸ். முதலாளி வீட்டு முன் அறையில் வாடகைக்கு இருந்தீர்கள். நான் அதே முதலாளியின் ஸ்டோரில் சாதிக்காயும் கராம்பும் தரம் பிரிக்கிற தெல்தோட்டைக்காரி. தமிழர் கடைகள் எரியத் தொடங்கிய அன்று அந்தச் சிங்கள முதலாளி நம் இரண்டு பேரையும் ஒரே பிடியில் இழுத்துப் பின் ஸ்டோருக்குள் தள்ளி, வெளியே பூட்டி, கதவுக்கு முன்னால் கராம்பு மூட்டைகளை அடுக்கினார். என் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவிடம் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் லொறியோடு எங்கோ போயிருந்தார். நான் கையில் சோற்றுப் பானையோடு உள்ளே போனேன். நீங்கள் ஒரு மரப்பெட்டியோடு வந்தீர்கள். நகைப்பெட்டி என்று நினைத்தேன். திறந்தால் சதுரங்கக் காய்கள்.

"உயிருக்கு ஓடுறப்ப யாராச்சும் மரக்குதிரைய தூக்கிட்டு ஓடுவாங்களா மிஸ்?" என்று கேட்டேன். என் குரல் எப்போதும் மலைக்கு மலை கூப்பிடுகிற குரல். நீங்கள் பாய்ந்து என் வாயைப் பொத்தினீர்கள்.

"உம்மட வாயைக் கொஞ்சம் பூட்டிவையும். கை இருக்குதுதானே? கையால கதையும்."

அப்படித்தான் எனக்கு அந்த ஆட்டம் வந்தது. ஒரு வார்த்தை இல்லாமல், நீங்கள் காயை நகர்த்திக் காட்டி, நான் பார்த்துப் பார்த்து. ஓடி வந்ததில் கறுப்பு ராணி எங்கேயோ விழுந்துபோயிருந்தது. மூட்டையிலிருந்து ஒரு சாதிக்காயை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். கறுப்பு எப்போதும் எனக்குத்தான் என்று ஆயிற்று. அந்த ராணி ஓர் இடத்தில் நிற்காது. மூச்சு விட்டால் உருளும். உருண்டு சிமெந்துத் தரையில் விழுந்தால் சத்தம் கேட்குமே என்று பயந்து, ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அதை எதற்காவது வெட்டக் கொடுத்துவிடுவேன். பிறகு குதிரைகளை வைத்துக்கொண்டு சமாளிப்பேன். ராணியை நம்பாமல் விளையாட நான் பழகியது இப்படித்தான். இதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் உங்கள் ராஜாவைக் கட்டிவிட்டேன். நீங்கள் நம்பாமல் ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். வெளியே எதிர்க் கடையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்த ஆளை நான் ஜெயித்திருக்கிறேன், கத்த முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன். அந்தக் கத்தல் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அதன்பிறகு நீங்கள் எனக்கு மிஸ் இல்லை, அக்கா.

வருஷங்கள் ஓடி, குண்டசாலையில் உங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் நான் குடிவந்ததும், நீங்கள் பென்ஷனில் வந்ததும், உங்கள் தம்பி வெளிநாட்டிலிருந்து கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்ததும் ஊருக்கே தெரியும். டெலிபோன் வயர் கீச்சுக் கீச்சென்று கத்தி, பெருமூச்சு விட்டு, கடைசியில் இன்டர்நெட்டில் அந்தச் சதுரங்க அறை திறக்கும். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். பலகை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அறையில் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர். கொம்பியூட்டர் எலியைப் பிடித்துக் காய் நகர்த்துவது நான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எல்லோரும் அடித்தார்கள், அதனால் வாசித்துச் சொல்வதும் பதில் அடிப்பதும் நீங்கள்.

அங்கேயும் என் வாய் அடங்கவில்லை. எதிராளி குதிரையை எடுத்தால், "உங்க குதிரைக்குப் புல்லு வைக்கலியா தம்பி, இப்படித் தள்ளாடுதே" என்று சொல்வேன், நீங்கள் அடிப்பீர்கள், அறையே சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் என் யானை போய்விடும். வரிசையாகத் தோற்றோம். ஆட்டத்துக்குள் சிரிப்பு எதற்கு என்று நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். சிரிப்பு இல்லாவிட்டால் சுவரோடு விளையாடலாமே என்று நான் சண்டை பிடித்தேன்.

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லண்டனிலிருந்து ஒரு பெண் வருவாள், ஞாபகம் இருக்கிறதா? தாயும் சகோதரங்களும் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவளிடம் யாரும் நேராக எதையும் கேட்க மாட்டார்கள். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார்கள். அவள் கறியின் பெயரைச் சொன்னால் அன்றைக்குக் கெட்ட செய்தி இல்லை என்று அர்த்தம். எல்லோரும் ஒரு மூச்சு விட்டு விளையாடப் போவார்கள். வாயை மூடிக்கொண்டு காய் தள்ளினால் அதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆனால் உங்கள் நியாயமும் எனக்குத் தெரிந்தது. தோற்கத் தோற்க, "வாங்கோ பகிடி அன்ரி" என்று நம்மைக் கோமாளியாக்கிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்குத்தான் பிஸ்கட் பெட்டியை வெட்டினீர்கள். திரையில் பேச்சு ஓடும் பக்கத்தை மறைத்து அட்டையைத் தொங்கவிட்டு டேப் ஒட்டினீர்கள். மணிக்கூடு ஓடும்போது அட்டை கீழே. ஆட்டம் முடிந்தால் அட்டை மேலே, பிறகு விடியும்வரை வேண்டுமானாலும் கதைக்கலாம். இரண்டு பேருக்கும் பொதுவான தீர்ப்பு. அதன்பிறகு நாம் ஜெயிக்கத் தொடங்கினோம். பகிடியும் குறையவில்லை.

அப்போது வந்தான் அவன். கோட்டைவேந்தன் என்று பெயர் வைத்திருந்தான், ஏதோ குளிர் நாட்டிலிருந்து. நன்றாக விளையாடுவான், அதை மறைக்க மாட்டேன். ஆட்டம் முடிந்து அட்டையைத் தூக்கினால் அவன் எழுதியது நீளமாகக் கிடக்கும். "என்னக்கா சொல்றான்?" என்று கேட்டால், "நல்லா விளையாடினீராம்" என்பீர்கள். ஒரு மாதம் நம்பினேன்.

அறையில் தமிழ் எழுத்து வந்தது. எல்லோருக்கும் கொண்டாட்டம், எனக்கும்தான். நீங்கள் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தபோது, திரையில் நானே எழுத்துக் கூட்டி வாசித்த முதல் வசனம் அவனுடையது. "கொழுந்து கிள்ளுற கைக்குக் குதிரை என்னத்துக்கு?" அதற்குக் கீழே, தோட்டக்காட்டு ஆட்களை இந்த அறையில் சேர்த்தது யார் என்று இன்னொன்று.

என் அம்மா நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். அந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டியது. அதை நானே பெருமையாக அறையில் சொல்லியிருந்தேன். அவன்மேல் வந்த கோபத்தைவிட, மறைத்த உங்கள்மேல் வந்த கோபம் பெரிது. நீங்கள் கோப்பையோடு வந்து நின்றீர்கள். நான் பின்வாசலால் போய்விட்டேன். பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் நீங்கள் என் குசினிக்கு வந்து, பலகைக்கட்டையில் உட்கார்ந்தீர்கள்.

"உமக்குச் சொல்லாமல் விட்டது உம்மைக் காப்பாத்த எண்டு நினைச்சீரோ?" என்று கேட்டீர்கள். "வெக்கம். ஸ்டோரில முதல் நாள் நானும் அதைத்தான் நினைச்சனான், இந்தப் பெட்டைக்கு இது ஏறாதெண்டு. மூண்டாம் நாள் நீர் என்னைக் கட்டிப்போட்டீர். அவன்ர வசனத்தை வாசிக்கேக்க என்ர குரலே எனக்குக் கேட்டுது."

எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பை அணைத்தேன். "வாங்க போவோம். நான் சொல்றத அப்படியே அடிங்க. சீனி போடாதீங்க."

ஒரு கமாவும் மாற்றாமல் அடித்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் பார்க்க, ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், ஒரே ஆட்டம். நான் தோற்றால் இந்த அறைக்கு இனி வரமாட்டேன். அவன் தோற்றால் என் அம்மாவின் கைக்கு மரியாதையாக ஒரு வசனம் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். அறை இல்லாவிட்டால் எனக்கு என்ன இருந்தது? பிள்ளைகள் மூன்று திசையில், வீட்டுக்காரர் மாலை போட்ட படத்தில். அதையெல்லாம் யோசித்தும் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அட்டையை இறக்கினீர்கள். எனக்குக் கறுப்பு விழுந்தது. நீங்கள் டின்னைத் திறந்து, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அந்தச் சாதிக்காயை எலிக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். பாதி ஆட்டத்தில் வீட்டு முன் ஒழுங்கையில் பட்டாளத்து பூட்ஸ் சத்தம். சோதனை. தமிழ் வீடு என்றால் இரண்டு தரம் பார்ப்பார்கள். வீட்டு ஆட்களின் லிஸ்டையும் ஐடென்டிட்டிகளையும் எடுத்துக்கொண்டு நீங்கள் வாசலுக்குப் போனீர்கள். போகும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டினீர்கள்.

வெளியே பூட்ஸ், உள்ளே பலகை, வாயைத் திறக்க முடியாது. பக்கத்தில் சாதிக்காய் வாசம். நான் மறுபடியும் ஸ்டோருக்குள் இருந்தேன். அட்டைக்குப் பின்னால் அவன் எழுதி எழுதித் தள்ளுகிறான் என்று தெரியும். அவனுடைய ஒவ்வொரு நகர்த்தலும் அத்தனை பிந்தி வந்தது. கைவிரல் ஒரு தடவை அட்டையின் ஓரம்வரை போனது. என்ன எழுதுகிறான் என்று பார்த்துவிட்டால் நான் பதில் சொல்லாமல் இருப்பேனா? கையைத் திருப்பி எலியில் வைத்தேன்.

அவனுடைய நிமிஷங்கள் கரைந்துகொண்டிருந்தன. அவசரத்தில் தன் ராஜாவை மூலையில் வைத்து, முன்னால் தன் சிப்பாய்களை அசையாமல் நிறுத்தியிருந்தான். நான் என் குதிரையின் காவலில் ராணியைக் கொண்டுபோய் அந்த ராஜாவின் மடியிலேயே வைத்தேன். ராஜா தொட முடியாது, யானையால்தான் வெட்ட வேண்டும். வெட்டினான். ராணி போனால் ஆட்டம் போச்சு என்று நினைத்திருப்பான். என் ராணி என்றைக்கு நின்றது, அக்கா? அவனுடைய யானையே கடைசி வழியையும் அடைத்துக்கொண்டு நின்றது. சொந்த ஆட்கள் சுற்றி நிற்க மூச்சு முட்டிய ராஜாவின் முன்னால் என் குதிரை குதித்தது. செக்மேட்.

கத்தினேன். எண்பத்து மூன்றில் விழுங்கியதையும் சேர்த்துக் கத்தினேன். குண்டசாலை பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டு பட்டாளத்துக்காரர்கள் துவக்கோடு உள்ளே பாய்ந்தார்கள். பின்னால் நீங்கள் வெளுத்த முகத்தோடு. நான் கதிரையில் ஏறி நிற்கிறேன், கையில் சாதிக்காய். நீங்கள் சிங்களத்தில் என்னவோ விளக்கினீர்கள். அதில் மூத்தவன் குனிந்து திரையைப் பார்த்தான், பலகைக் கட்டங்களை விரலால் எண்ணினான். "அம்மா தினுவாத?" என்றான். அம்மா ஜெயித்தாளா என்று. "தினுவா," என்றேன் கதிரையிலிருந்தபடியே. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வீட்டைப் பார்க்கப் போனான்.

பிறகு அட்டையைத் தூக்கினீர்கள். அவன் எழுதிய பழிப்பு மேலிருந்து கீழ்வரை. அதற்குக் கீழே அறை முழுக்கக் கைதட்டல். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் தமிழ் எழுத்தில் ஒரு வரி வந்தது. நீங்கள் வாய் திறக்கப் போனீர்கள். "நான் வாசிக்கிறேன்," என்றேன்.

"உங்கட அம்மாவின்ர கைக்கு என்ர வணக்கம்."

எழுத்து எழுத்தாக இரண்டு தரம் வாசித்தேன். பிறகு நானே ஒரு விரலால், தமிழில், என் வாழ்க்கையின் முதல் வரியை அடித்தேன். "நல்ல ஆட்டம். இண்டைக்கு என்ன கறி?" அப்போது நீங்கள் சிரித்த சிரிப்பு! மேசையில் தலையை வைத்துக்கொண்டு, கண்ணாடி கழன்று விழச் சிரித்தீர்கள். அவன் பதில் எழுதினான். பருப்பாம். அவனை மன்னித்தேனா என்றால், இல்லை. அதற்குப் பிறகு அவனோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை விளையாடினேன், சிரிக்கச் சிரிக்கக் கதைத்தேன். அது வேறு, இது வேறு.

அக்கா, சாதிக்காயை இப்போதுதான் மேசையில் வைத்தேன். உருளவில்லை. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் தட்டையாகத் தேய்த்திருக்கிறது. எப்போது தேய்த்தீர்கள்? நிற்க வேண்டும் என்று தேய்த்தீர்களா, இல்லை ஏதாவது ஒரு டிசம்பரில் நத்தார் கேக்குக்கு என் ராணியைத் துருவிவிட்டீர்களா? இதற்கும் ஒரு கோபம் வைத்திருக்கிறேன், நேரில் வந்து கேட்பேன்.

இப்போது என்னிடம் கைபேசிதான். அட்டை அதற்குப் பெரிது. பேச்சு வரும் இடத்தை இடது பெருவிரலால் மூடிக்கொள்கிறேன். முடிந்த பிறகு விரலை எடுத்து, முதலில் கறியைக் கேட்கிறேன். யாரோ ஒருவன் இப்போது ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். எனக்குக் கறுப்பு. ராணி பக்கத்தில் நிற்கிறது. கொஞ்ச நேரம் வாயைப் பூட்டி வைக்கிறேன். ஜெயித்ததும் கத்துவேன், உங்களுக்குக் கேட்கும்.