முனை உடையாத நட்சத்திரங்கள்

ஏப்ரல் 14

கண்ணாடித் தட்டில் நான் வளர்க்கும் நட்சத்திர உயிர்களில் மூன்றாம் எண் இன்று புது அறை கட்டிவிட்டது. காலையில் ஓட்டின் ஓரத்தில் மெல்லிய ஜவ்வு மட்டும் தெரிந்தது. பிறகு அதன்மேல் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிட்டது. ஒரே ஒரு செல். கையில்லை, கண்ணில்லை. கடல் தண்ணீரிலிருந்தே சுண்ணாம்பை எடுத்து நட்சத்திர வடிவில் வீடு கட்டிக்கொள்கிறது. ஓர் அறை கூட்டினால் பழைய வீடு முழுக்க மறுபடி ஒரு பூச்சும் பூசிவிட்டுத்தான் ஓய்கிறது.

நான் எய்ஷோவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதமாகிறது. ஓர் அலமாரியைக்கூட நகர்த்தவில்லை. அவர் மகள் நானாமியின் அம்மா உயிரோடிருந்தபோது வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கிறது.

எய்ஷோ கீழே கடையில் நட்சத்திர மணலைப் பாட்டிலில் அடைத்துப் பயணிகளுக்கு விற்கிறார். "நீ உசிரோட வளக்கிற, நான் செத்ததை விக்கிறேன். ஜோடிப் பொருத்தம் எப்படி?" என்கிறார். மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு.

ஏப்ரல் 20

பாகற்காயும் டோஃபுவும் வதக்கினேன். நானாமி, "நல்லா இருக்குங்க, சயோரி-சான்" என்று சொல்லிவிட்டுப் பாதியை வைத்துவிட்டாள். பெற்ற அப்பாவிடம் வாடா போடா என்று சொல்லாத குறை. என்னிடம் மட்டும் இத்தனை மரியாதை. பதினோரு வயதுக்கு இது ஆகாது.

மே 6

இஷிகாகி ஆய்வு நிலையத்துக்குப் போய்விட்டு மத்தியானப் படகில் திரும்பினேன். சமையலறை ஜன்னலில் என் கண்ணாடித் தட்டு கவிழ்ந்திருந்தது. கழுவி, துடைத்து, பளபளவென்று.

நானாமி உள்ள இருந்ததையெல்லாம் நல்ல தண்ணில அலசி, வெயில்ல காயப்போட்டுட்டா. எல்லாம் போச்சு. கடல்ல இருக்கறது நல்ல தண்ணில தாங்குமா? ஒரு வருஷமா கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தது.

"கழுவி வச்சிட்டேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எய்ஷோ கத்தித் தீர்த்துவிட்டார். சாப்பிடாமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேணும்னே செஞ்சாளா? நான் வந்தது பிடிக்காமலா? பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைக்கலாமே. இத்தனை மாதமும் நான் என்னதான் குறை வைத்தேன்?

மே 7

மழை. நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

மே 9

கடையைப் பெருக்கும்போது மேசைக்கடியில் சின்ன பாட்டில் ஒன்று கிடைத்தது. உள்ளே என் நட்சத்திரங்கள். உயிருள்ளவற்றின் பழுப்பு நிறம் இன்னும் போகவில்லை, அதனால்தான் அடையாளம் தெரிந்தது. முனை உடைந்த ஒன்றுகூட அதில் இல்லை. உடைந்ததையெல்லாம் நானாமி தனியே காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

இங்கே மணல் என்று எது வீட்டுக்கு வந்தாலும் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பார்கள். அது நடக்கப் பழகும்போதே பழகும் வேலை. ஆனால் முனை உடையாததாகப் பார்த்து ஒவ்வொன்றாய் ஊசி முனையில் பொறுக்குவது, எங்கள் கடையில், கல்யாண பாட்டிலுக்கு மட்டும்தான். மணமக்களுக்குக் கொடுப்பது. கோபத்தில் யாரும் உட்கார்ந்து மணல் பொறுக்க மாட்டார்கள்.

எய்ஷோவும் நானும் ஊராட்சி ஆபீசில் கையெழுத்துப் போட்டதோடு சரி. விருந்தில்லை, பாட்டில்லை. யாரும் பாட்டில் கொடுக்கவில்லை.

அவளிடமே போய்க் கேட்டேன். தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்கு யாரும் குடுக்கலையேன்னு... அவ்ளோ நல்ல நட்சத்திரம் எங்க கடையிலயே இல்லைங்க." பிறகு மெதுவாக, "அதுங்க உசிரோட இருந்துச்சா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அப்படி அழுதாள். அவளிடம் நான் இதுவரை சொன்னதே இல்லை, எய்ஷோவிடம் சொன்னதோடு விட்டுவிட்டேன். இந்தப் பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே! அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

மே 12

கடல் வற்றியிருந்தது. நானும் நானாமியும் போய்ப் பாறைப் பாசியில் ஒட்டியிருந்தவற்றைப் பாசியோடு எடுத்து வந்தோம். எய்ஷோ மகளிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் ஐஸ் வாங்கி வந்து நீட்டினார்.

மே 28

புதியவை தேறிவிட்டன. வீடு கட்ட அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நானாமி கேட்கிறாள். அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "இன்னுமா கண்டுபிடிக்கலை?" என்றாள். இருக்கட்டும், அப்பன் வாய்தானே.

ஜூன் 11

விடிந்தும் விடியாத நேரம். யாரோ காலைப் பிடித்து உலுக்கினார்கள். நானாமி. நான் வந்த நாள் முதல் எங்கள் படுக்கையறைக்குள் அவள் கால் வைத்ததில்லை.

இழுத்துக்கொண்டு போய்த் தட்டைக் காட்டினாள். பெரியதொன்று வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தது. சுற்றிலும் பொடிப்பொடியாகக் குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே குட்டி ஓடு.

"அம்மா செத்துப்போச்சா?"

சாகவில்லை என்றேன். தன்னை முழுக்கப் பிரித்து இதுகளுக்குள்ளேயே போய்விட்டது, சொட்டுக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஓடு மட்டும்தான் மிச்சம். அவள் கண்ணை எடுக்காமல் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப மீதி வீட்டை இதுங்களே கட்டிக்கணுமா?"

ஆமாம் என்றேன்.

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி, "தண்ணி மாத்த மறந்துடாதே. நான் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த எய்ஷோ எட்டிப் பார்த்து, "என்ன, மரியாதையெல்லாம் போச்சுபோல?" என்றார்.

போகட்டும். எனக்கு இன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.