ரேட் எழுதாத ஒன்பதாம் தேதி

ஜூன் 4
அக்கரைக் காசு ஒன்றுக்கு நம் காசு 18.60. புள்ளி வைத்தாச்சு.

பதினொரு வருஷப் பழக்கம். அவர் அக்கரை நாட்டில் சரக்குப் படகு ஓட்டப் போன நாளிலிருந்து, தினமும் மணி சேஞ்சர் கடைப் பலகையைப் பார்த்து வந்து ரேட்டை நோட்டில் எழுதுவேன். அவருக்காகப் பிரார்த்தனை முடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி. படகோடு அவர் போய் மூன்று மாதமாகிறது. அனுப்ப ஆளில்லாத காசுக்கு ரேட் எதற்கு? கை கேட்கவில்லை.

பால் கணக்கு தீர்த்தேன். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜூன் 9
கம்பெனி அலுவலகம். கொழுந்தனும் மகளும் கூட வந்தார்கள். நஷ்டஈடு ஒன்பதாயிரம், அக்கரைக் காசில். இறந்த நாளின் ரேட்டில் நம் காசாக மாற்றித் தருவார்களாம்.

எந்த நாள்? மார்ச் 3 படகு கிளம்பியது. 13-ஆம் தேதி கவிழ்ந்து மிதந்ததைப் பார்த்தார்கள். உள்ளே யாருமில்லை. நடுவில் நடந்தது கடலுக்குத்தான் தெரியும்.

குமாஸ்தா நல்ல மனுஷர். "மூணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் எந்தத் தேதியும் செல்லும்மா. வீட்டுக்காரங்க சொல்றதுதான். தேதிக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது" என்றார்.

அன்றைய ரேட்டுக்கு அத்தாட்சியும் வேண்டுமாம். இரண்டும் சுண்டைக்காய் நாடு. பேங்கில் டாலர் வழியாகத்தான் கணக்கு. இந்தக் காசுக்கு அந்தக் காசு நேராக எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

"நான் வச்சிருக்கேன்" என்றேன்.

ஜூன் 10
நோட்டைப் புரட்டினேன். முதல் வருஷம் 24. மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது 28. அப்புறம் ஏழு வருஷம் 31, ஆணி அடித்த மாதிரி. இந்த மார்ச்சில் அந்த நாட்டு அரசாங்கம் ரேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டது. ஆணி பிடுங்கிக்கொண்டது.

மார்ச் 3: 31. மார்ச் 8: 26. மார்ச் 10: 21. மார்ச் 13: 19.

மூன்று என்று சொன்னால் 2,79,000. பதிமூன்று என்றால் 1,71,000. மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டியது 2,50,000.

ஒன்பதுக்கு எதிரே ஒன்றுமில்லை. ரேட்டும் இல்லை, புள்ளியும் இல்லை.

ஜூன் 11
பதினொரு வருஷத்தில் அந்த ஒரு நாள். மகளை நர்சிங் பள்ளி நேர்முகத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்று பஸ். திரும்பி வந்து அப்படியே படுத்துவிட்டேன். விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் ஆண்டவன்கிட்ட கேக்காத அன்னிக்குத்தான் அவர் போயிருக்கணும். வேற எப்போ?

அழுகை வரவில்லை. சோறு அடிபிடித்தது.

ஜூன் 13
கொழுந்தன் வந்தார். "அண்ணி, இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணாந்தேதி போடுங்க. அண்ணன் இருந்தா அவரே அதைத்தான் போடுவாரு. கால் காசுக்குப் பேரம் பேசி பஸ்ஸைக் கோட்டை விடுற ஆளு."

மகள் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

நான் ஒன்பது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "அன்னிக்கு நான் பிரார்த்தனை பண்ணல."

"ஏம்மா, ஆண்டவன் என்ன தினமும் ஆஜர் எடுக்கிறாரா?" என்றாள் மகள்.

அன்று ஏன் விட்டுப்போனது என்று அவளுக்கு நினைவில்லை. நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

ஜூன் 16
மணி சேஞ்சர் மார்ச் பக்கங்களில் கையெழுத்துப் போட்டார். "என் பலகையை நான்கூட இவ்வளவு அக்கறையாப் படிச்சதில்லக்கா." ஒன்பதாம் தேதி எவ்வளவு என்று நினைவிருக்கிறதா? "அன்னன்னிக்கு அழிச்சு எழுதுறவன் நான். என்னைப் போய்க் கேக்குறீங்களே."

அங்கிருந்து அலுவலகம். ஒன்பது என்று சொல்லிப் பார்த்தேன். குமாஸ்தா வெற்று வரியில் விரலை வைத்தார். "ரேட் இல்லாத நாள்ல சாக முடியாதும்மா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு நாள் அவகாசம் கேட்டு வந்தேன்.

ஜூன் 17
மூன்று என்றால், அதற்குப் பிறகு பதிமூன்று வரை வைத்த ஒன்பது புள்ளிகளும் யாருக்காக?

ஒன்பது என்றால் — ஆறு நாள். வெயிலில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல். அவர் தாகம் பொறுக்க மாட்டார். தட்டுக்கு முன்னால் செம்பு வராவிட்டால் வீடு இரண்டாகும். அவரைப் போய் ஆறு நாள் நான் எதுக்கு இழுத்துப் பிடிச்சு வைக்கணும்? என் புள்ளி வீணாப் போகக் கூடாதுன்னா?

மூன்று என்று சொன்னேன். மகள் படிவத்தில் எழுதினாள். அவர் பெயர்க் கட்டத்தையும் அவளையே நிரப்பச் சொன்னேன். கையெழுத்து மட்டும் நான்.

வரும் வழியில் சோப்பு இரண்டு, விளக்குமாறு ஒன்று.

ஜூலை 2
வரவு 2,79,000. படிப்புக்குக் கட்டியது 2,50,000. மீதி 29,000.

ஜூலை 14
மகளை விடுதியில் விட்டு வந்தேன். அதே மூன்று பஸ்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன். "கட்டில் ஆடுதும்மா. ஆனா தண்ணி நல்லாயிருக்கு."

ரேட் 17.90.

எழுதிவிட்டு மார்ச் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பதாம் தேதி வெற்று வரியில் அவர் பெயரை எழுதினேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுத்து கொஞ்சம் கோணல்.

பக்கத்தில் புள்ளி.