கட்டைப்பைக்குள் ஒரு கூடாரம்

சர்வேயரே,

இன்று காலையிலிருந்து எங்கள் மொட்டைமாடியில் ஆட்டு வாசம். கொடியில் இரண்டு சேலைகளுக்கும் ஒரு போர்வைக்கும் நடுவே உன் கூடாரம் தொங்குகிறது. இருமுறை சோப்புத் தண்ணீரில் அலசியாயிற்று. புழுக்கையும் பாலும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசம் போவதாக இல்லை. துணி எடுக்க வந்த என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ரிட்டையர் ஆனவங்க எல்லாம் கோயிலுக்குப் போறாங்க. நீங்க ஆடு மேய்க்கப் போனீங்களா?" என்றாள். ஏறக்குறைய அதுதான் நடந்தது என்பதால் நான் மறுக்கவில்லை.

நேற்று முன்தினம் நாம் ஜெயித்துவிட்டோம். அதை உனக்கு முறைப்படி தெரிவிக்கத்தான் எழுதுகிறேன். நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு எதையும் எழுதி வைக்காவிட்டால் நடந்த மாதிரியே தோன்றாது.

உன் ஆசை சின்ன ஆசைதான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் நீ அளக்காத காடு கழனி குறைவு. உன்னைத் தெரியாத ஊரும் குறைவு. நீ வரப்பில் கால் வைத்ததும் கட்டிலை எடுத்துப் போடுவார்கள், காப்பி வரும், அதுவரை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணன் தம்பியாகிவிடுவார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க உன் எதிரில் யாரும் இயல்பாகப் பேசியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பழைய பஸ் நிலையத்து டீக்கடையில் சொன்னாய்: "நான் இருக்கேன்னு தெரியாம ஒரு ராத்திரி ஒரு காட்டுல கிடக்கணும்யா நூலகரே. காலையில அந்த ஊர்க்காரன் என்ன பேசிக்கிறான்னு கேக்கணும். அப்பதான் நான் அளந்தது சரியா தப்பான்னு தெரியும்."

அதற்கு ஒரு கூடாரம் வேண்டும் என்பது உன் முடிவு. கயிற்றுக் கட்டிலில் படுத்தால் மறைய முடியாது என்பது உன் வாதம். நியாயமான வாதம்தான்.

முதல் கூடாரத்தை வாங்கியது நான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தில் பையிலிருந்து எடுத்து வீசினார்கள், அது காற்றிலேயே விரிந்து நின்றது. அந்த அதிசயத்தில் மயங்கினவன் நிறத்தைக் கவனிக்கவில்லை. வந்து இறங்கியது நல்ல ஆரஞ்சு. நீ அதைப் பார்த்துவிட்டு, "ஒளியறதுக்கு வாங்குனியா, ஓட்டு கேக்க வாங்குனியா?" என்று மட்டும் கேட்டாய்.

இருந்தும் போனோம். செந்துறைக்கு அப்பால், இருட்டுகிற நேரத்தில், கருவேலம் புதர்களுக்குப் பின்னால் தரிசில் போட்டோம். நிறம்தான் நம்மைக் கவிழ்க்கும் என்று நான் நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க ஒருவரும் வரவில்லை. வெள்ளென எழுந்து பெருமையாக நாம் கண்ணால் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே குரல் கேட்டது.

"யாரோ படுத்திருக்காங்க மச்சான்."

"யாரோ என்ன யாரோ. சர்வேயர் சாரு."

"எப்பிடிச் சொல்ற?"

"செருப்பப் பாரு."

நாம் இருவரும் செருப்பைக் கழற்றி, வாசலில் வரிசையாக, ஜோடி பிசகாமல் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருந்தோம். வீட்டுக்குள் போகும்போது செய்வதை யோசித்தா செய்கிறோம்? முள் குத்தாமலிருக்க டயர் வைத்து அடித்த உன் செருப்பு இரண்டு மாவட்டங்களில் உன் முகத்தைவிடப் பிரசித்தம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மாமனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள். பல வருஷத்துக்கு முன் நீ நட்ட எல்லைக்கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்பது அவர்கள் வழக்கு. பல் விளக்காத உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் முன் நிறுத்தினார்கள். நீ மூன்று பக்கமும் நடந்தாய், எட்டு வைத்து எண்ணினாய், "வச்ச எடத்துலதான் இருக்கு" என்றாய். இருவரும் ஒரே குரலில் "நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார்கள். காப்பி வந்தது. தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டாய்.

திரும்பும்போது அந்தக் கூடாரம் மடியவில்லை. விரிவதற்கு ஒரு நொடி, மடிவதற்கு ஒரு ஆயுள் என்று விளம்பரத்தில் சொல்லவில்லை. விரித்த நிலையிலேயே அதை அரியலூர் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடணுமா, இல்ல வீட்டோட ஊர் மாத்துறீங்களா?" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எதிர்ல 'சரிங்க சார்'. நான் பஸ் ஏறுனதும் என்ன சொல்லியிருப்பானுங்க? அது எனக்குத் தெரியவே போறதில்ல."

அடுத்த நாளே தேர்வை நீ கையில் எடுத்துக்கொண்டாய்.

நான் என் பழக்கப்படி வாசித்தேன். கூடாரங்களைப் பற்றி உலகத்தில் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதியவர்கள் அனைவரும் பனியில் படுத்தவர்கள். இத்தனை அடி பனியைத் தாங்கும், இந்தக் கரடி வந்தால் இப்படி என்றெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து உன்னிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரம்பலூருக்குப் பனி வரட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்றாய்.

உன் நிபந்தனைகள் வேறு. விலை, வீட்டில் கேட்டால் பொய் சொல்லாமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நிறம், காய்ந்த மண். உயரம், இடுப்புக்குக் கீழே. உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாதே என்றதற்கு, "உக்கார்றதுன்னா வீட்லயே உக்காந்துக்கலாமே" என்று முடித்துவிட்டாய். வலை ஒன்றும் அதன் மேல் துணி ஒன்றுமாக இரண்டு அடுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் மூச்சே விடியற்காலையில் நம் மேல் சொட்டும். இது முதல் கூடாரத்தில் நனைந்து கற்றது. கடைசியாக, மடித்தால் அது ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் போக வேண்டும். முதுகில் பெரிய பை மாட்டியவனைப் பஸ்ஸில் நாலு பேர் விசாரிப்பார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுத்த கடையின் கட்டைப்பையோடு போகிறவனை இந்தத் தேசத்தில் யாரும் பார்ப்பதே இல்லை. அதைவிட நல்ல மறைவிடத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

முதலில் வந்ததை நீ நாடா வைத்து அளந்தாய். சொன்ன நீளத்தில் நாலு விரல் குறைந்தது. திருப்பி அனுப்பினாய். அடுத்ததன் கம்பிகள் பைக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றன. மேலே முருங்கைக்காய் வைத்து மறைக்கலாம் என்று நான் சொன்ன யோசனையை நீ பரிசீலிக்கக்கூட இல்லை. மூன்றாவதின் கயிறுகள் வெளிச்சம் பட்டால் மினுங்கின. அதுவும் போயிற்று. கூரியர்காரர் உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "சார், ஊர்ல எல்லாரும் வச்சுக்குறதுக்கு வாங்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் திருப்பி அனுப்புறதுக்கு வாங்குறீங்க" என்றார். நான்காவதைப் பிரித்தாய், அளந்தாய், மறுபடி அளந்தாய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாய். நிலம் அளந்து படம் வரைந்தால் அடியில் எப்போதும் எழுதுவாயே, அதையே சொன்னாய்: "அளந்தேன். சரி."

அதோடு வந்த முளைகள் நம் ஊர்ச் செம்மண்ணில் வளைந்துபோயின. ஆறு அங்குல ஆணி வாங்கிக்கொண்டாய். ஜிப் கரகரத்தது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தாய். பிறகு ஒரு மாலை ஊருக்கு வெளியே காலி மனைகள் இருக்கும் பக்கம் என்னை வரச் சொல்லி, "நான் எங்க இருக்கேன்னு கண்டுபுடி" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தப் புதர்க்காட்டில் நான் வெகு நேரம் சுற்றினேன். கடைசியில் என் கால் அருகிலிருந்து உன் குரல் வந்தது. "யோவ், மிதிச்சிராதய்யா." உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பார்க்கவும் இல்லை, துணிதான் பேசியது.

இருந்தும் நீ உடனே கிளம்பவில்லை. "கிடை வரட்டும்" என்றாய். அறுவடை முடிந்ததும் தெற்கே இருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எருவுக்காகக் காட்டுக்காரர்கள் அவற்றை இரவில் தங்கள் நிலத்தில் அடைத்து வைக்கச் சொல்வார்கள். மந்தைக்குப் பக்கத்தில் குட்டிகளை மூடிவைக்கும் பெரிய கூடைகள் மண் நிறத்தில் கவிழ்ந்து கிடக்கும். நீ ஏற்கெனவே கூடை முடைகிறவரிடம் போய் அந்தக் கூடைகளின் உயரத்தையும் அளந்து வந்திருந்தாய். நம் கூடாரம் ஏன் அந்த உயரம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "கூடையோட கூடையா கிடந்தா நம்மள எவன்யா கேக்கப்போறான்" என்றாய்.

அறுவடைக்கு இரண்டு மாதம் இருந்தபோது, சாப்பிட்டு எழுந்தவன் கை கழுவப் போகும் வழியில் உட்கார்ந்தாய். அவ்வளவுதான். இதைப் பற்றி எழுத எனக்கு வராது. விட்டுவிடுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் உன் வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டைப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். "பழைய துணின்னு நெனச்சு இத்தன நாளா இங்கயே வச்சிருந்தேங்க. ஆசிரமத்துக்குக் குடுக்கலாம்னு பிரிச்சா ஆணியா இருக்கு. உங்க ரெண்டு பேர் வேலையாத்தான் இருக்கும்." ஒரே வீட்டில், ஒரே கதவுக்குப் பின்னால், உன் மனைவிக்கே தெரியாமல் அது மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. உன் முதல் வெற்றி அது. துக்க வீட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பைக்குள் உன் கையால் வரைந்த படம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதே ஊர். தோற்ற இடத்திலேயே ஜெயிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். வண்டிப்பாதை, அதை ஒட்டிய புறம்போக்கு, அந்த எல்லைக்கல், பக்கத்தில் கிடை போடும் காடு, எல்லாம் அளவோடு. யார் பட்டாவிலும் நம் முதுகு படக்கூடாது என்று கூடாரம் போட வேண்டிய இடத்தைப் புறம்போக்குக்குள் பெருக்கல் குறியிட்டுக் காட்டியிருந்தாய். கீழே ஒரே ஒரு குறிப்பு: "செருப்பு உள்ளே."

அறுவடை முடிந்தது. மந்தை வந்த செய்தி கேட்டதும் கிளம்பினேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து செந்துறை, பிறகு நடை. கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர்கூட என்ன என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மட்டும், "பொண்ணு கல்யாணமா?" என்றார்கள். தலையாட்டினேன்.

கிடைக்காரரிடம் விஷயத்தை மறைக்க முடியாது. சொன்னேன். அவர் கூடாரத்தைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "ஏங்க, நான் வருசம் பூரா வெளியில படுக்குறேன், வீடு இல்லாமயா? வேல. நீங்க வீட்ட வச்சிக்கிட்டு இங்க வந்து படுக்குறீங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு குட்டி வாசல்ல கட்டிடவா? பாக்குறவனுக்குச் சந்தேகம் வராது" என்றார். நீ இருந்திருந்தால் அவரைக் கட்டிக்கொண்டிருப்பாய்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைய எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதே. இருமுறை வாசலில் விட்டுவிட்டேன். இருமுறையும் உன் குறிப்பு ஞாபகம் வந்து எடுத்தேன். கடைசியில் ஒரு பாலித்தீன் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். என் அம்மா பார்த்திருந்தால் அன்றே வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள். ஒரு குட்டி வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து என் முழங்காலுக்குப் பின்னால் படுத்தது. அனுப்ப மனமில்லை. வாசத்துக்கான காரணம் அதுதான்.

விடிந்தது. வண்டிப்பாதையில் காலடிச் சத்தம். வேப்பங்குச்சி மெல்லும் சத்தம். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஆறேழு அடி இருக்கும். குரல்களை உடனே அடையாளம் தெரிந்தது. அதே மாமன், அதே மச்சான்.

"இந்தக் கல்லு இன்னும் ரெண்டடி அந்தண்ட போயிருக்கணும் மச்சான்."

"போடா. எனக்கு இந்தண்ட ரெண்டடி வந்திருக்கணும்."

"பெரிய மனுசன், ஒரு காப்பி குடிச்சிருந்தாலாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"அந்தாளா? பெத்த அப்பன் காடா இருந்தாலும் ஒரு விரக்கட விடாது அது."

"உனக்கும் விடல."

"உனக்கும்தான் விடல."

கல்லைக் காலால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அப்ப சரியாத்தான் வச்சிருக்காரு."

"சரியாத்தான் வச்சிருக்காரு. அதான எரிச்சலு."

"செத்துட்டாராமே."

"ம். இனி வர்றவன் எப்பிடியோ. நீ கல்ல நவுத்திராத."

"நான் எங்க நவுத்துறேன்? நீ நவுத்தாம இரு."

குச்சியைத் துப்பி எறிந்துவிட்டுப் போனார்கள். அது கூடாரத்தின் மேல் விழுந்து, சரிந்து, வாசலில் கட்டியிருந்த குட்டியின் முன் நின்றது. குட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அந்தக் குச்சி இப்போது என் மேசையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு கோப்பை கொடுக்கப்படவில்லை.

கூடாரம் காய்ந்ததும் மடித்துக் கட்டைப்பையில் வைத்துவிடுவேன். ஆணிகளை எண்ணி வைத்திருக்கிறேன், பத்தும் இருக்கின்றன. உன் படத்தையும் அதிலேயே வைக்கிறேன். வைப்பதற்கு முன் பேனா எடுத்து, உன் குறிப்புக்குக் கீழே, நீ எழுதுகிற இடத்தில், நீ எழுதுகிற மாதிரியே சின்னதாக எழுதினேன்:

"கேட்டேன். சரி."