உன் அப்பா பெயரில் வந்த சீட்டு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். நீ சீட்டுப் போட்டுக் கொடுத்த குகையைப் பார்த்தாயா என்று நீ மூன்று முறை போன் செய்தும் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், கோபம் இல்லை கண்ணு, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நானும் உன் அத்தையும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் இடுப்பொடியப் போய் இறங்கினோம். வாசலில் சீட்டுப் பார்க்கிற பெண் அத்தையை உடனே உள்ளே விட்டுவிட்டாள், அவள் தன் சீட்டைத் தானே போட்டுக்கொண்டவள் அல்லவா. என் சீட்டையும் அடையாள அட்டையையும் மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்து, இது ஆம்பளைப் பேரா இருக்கேம்மா, அவர் வரலையா என்று கேட்டாள். விஷயம் இதுதான். என் அட்டையில் உன் அப்பா ஒற்றை எழுத்து இனிஷியலாக நிற்கிறார். நீ படிவத்தின் முதல் கட்டத்தில் அந்த இனிஷியலை விரித்து அவர் பெயரை முழுசாகவும், அடுத்த கட்டத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். சீட்டிலும் அவர்கள் பட்டியலிலும் முதல் கட்டம் மட்டும் வந்திருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆச்சும்மா என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது, ஆனால் பெயர் பொருந்தாமல் விடக்கூடாதாம், ஒரு நாளைக்கு நாற்பது பேர்தானாம், அடுத்த வாரம் பழுதுபார்க்க மூடினால் எப்போது திறப்பார்களோ யாருக்கும் தெரியாதாம்.

நீ பிறப்பதற்கு முன் அப்பா எட்டு மாதம் அந்தக் குகைக்குள் விளக்குக்கு ஒயர் இழுத்தவர். உள்ளே ஒரு குளம் இருக்கு, தண்ணி இருக்கறதே தெரியாது, தரைன்னு நெனச்சுக் கால வச்சு முழங்கால் வரைக்கும் நனஞ்சேன் என்பார். எனக்கே காது குத்துகிறீர்களா என்று சிரிப்பேன். பிள்ளைகள் உங்கள் எதிரிலேயே அவரை எத்தனை தடவை புளுகு மூட்டை என்றிருக்கிறேன். ஒரு நாள் வந்து பாரு, அப்பத் தெரியும் என்பார், அந்த ஒரு நாள் எங்களுக்கு வாய்க்கவே இல்லை. இதையும் விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீடு திரும்புவது?

உன் அத்தை உள்ளே போனவள் வெளியே வந்து, அண்ணி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று வழியை மறித்து நின்றுவிட்டாள். மேலாளர் வந்தார். உங்க ரெண்டு பேர் பேரும் சேர்ந்திருக்கிற காகிதம் ஏதாவது இருக்காம்மா என்றார். பையில் பென்ஷன் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர், அதற்குக் கீழே மனைவி என்று என் பெயர். மேலாளர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, போங்கம்மா என்றார்.

லிஃப்ட் இறங்குகிறது, இறங்குகிறது, நிற்கிற வழியாக இல்லை. கதவு திறந்ததும் நான் வாயைப் பிளந்தவள்தான், மூட மறந்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் கூரை எங்கே என்று தெரியவில்லை. கல்லெல்லாம் சர்க்கரைக் கட்டி மாதிரி மினுக்குகிறது. மனுஷன் கை படாமல் இவ்வளவு அழகு மண்ணுக்குள் சும்மா கிடந்திருக்கிறது, எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறகு ஒரு பள்ளம், அடியில் வெள்ளைக் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. குனிந்து ஒரு கல்லைத் தொடப் போனேன், முழங்கை வரை சில்லென்று நனைந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்லவில்லையடா. இத்தனை வருஷம் நான்தான் நம்பவில்லை.

மேலே ஏறும் முன் வழிகாட்டி ஆட்களைச் சரிபார்க்கப் பட்டியலைப் படித்தார். உன் அப்பாவின் முழுப் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டு மூன்று வருஷமாகிறது, குகை அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் கையைத் தூக்கி, வந்திருக்காருங்க என்றேன். அத்தை என் நனைந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். பெயரைத் திருத்தித் தரச்சொல்லி அவர்களுக்குப் புகார் எழுதியிருப்பதாக அத்தையிடம் சொன்னாயாமே, முதல் வேலையாக அதைத் திரும்பப் பெற்றுக்கொள். அந்தச் சீட்டில் ஒரு தப்பும் இல்லை.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா