யோனாஸ் போட்ட சண்டை

சேசு மரி சூசை துணை
புதுச்சேரி, 11 மார்ச் 1934

சைகோனில் இருக்கும் பிரியமுள்ள கணவருக்கு, மதலேன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம்.

நம் மகள் ரோசாலியை அடக்கம் செய்த வாரமே நீங்கள் கப்பல் ஏறியதைப் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. ஆனால் அங்கே கோயில் பக்கமே போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலை.

போன ஞாயிறு தபசுகாலப் பிரசங்கத்தில் யோனாஸ் தீர்க்கதரிசி கதை. சர்வேசுரன் ஒரு பக்கம் போகச் சொன்னால் ஆசாமி எதிர்ப்பக்கம் கப்பல் ஏறிவிட்டார்! நடுக்கடலில் ஒரு பெரிய மீன் அவரை விழுங்கிவிட்டதாம். மறுநாள் பெரிய மார்க்கெட்டில் ஒரு சுறாவைப் பார்த்ததும், உள்ளே நீங்கள் இருக்கிறீர்களோ என்று குனிந்து பார்த்தேன். மீன் வயிற்றிலிருந்தே அவர் செபித்தாராம். நீங்களும் முயன்று பாருங்கள்.

உங்கள் மதலேன்

சைகோன், 22 ஏப்ரல் 1934

பிரியமுள்ள மதலேனுக்கு,

மீன் வயிறு என்று சரியாகத்தான் சொன்னாய். கிடங்குக் காவல் வேலை, எந்நேரமும் இருட்டு. 'எங்கள் பிதாவே' என்று தொடங்குகிறேன். 'உம்முடைய சித்தம்' வரும்போது நாக்கு நின்றுவிடுகிறது. நாலு வயசுப் பிள்ளையை எடுத்ததா அவர் சித்தம்? இவ்வளவு கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு எப்படிச் செபிப்பது?

சவரிமுத்து

புதுச்சேரி, 30 மே 1934

பிரியமுள்ள கணவருக்கு,

சாமியாரிடமே கேட்டேன். யோனாஸ் கதையின் மீதியைச் சொன்னார். நிழல் தந்த செடி பட்டுப்போனதும், சாகிற வரைக்கும் கோபமாகத்தான் இருப்பேன் என்று யோனாஸ் சர்வேசுரனிடமே சொன்னாராம்.

"ஆண்டவரு கோவிச்சிக்கலயா சாமி?" என்றேன்.

"இல்லம்மா. எதிர்ல உக்காந்து முழுசா கேட்டுக்கினாரு. அதுவும் செபந்தான்."

ஆகையால் நீங்களும் போய்ச் சண்டை போடுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் செபமாலை சொல்கிறேன். ஒரு குறையும் இல்லை.

உங்கள் மதலேன்

சைகோன், 8 ஜூலை 1934

பிரியமுள்ள மதலேனுக்கு,

போட்டேன் சண்டை. கோயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஏன் எடுத்துக்கின எம் பொண்ண?" என்று கத்தினேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஊர்க் கோயில்பிள்ளை ஓடிவந்தார். தமிழ் தெரியாததால் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டார். பதில் வரவில்லை. ஆனால் ரோசாலி போன பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதேன். 'சித்தம்' இன்னும் திக்குகிறது. ஆனாலும் தினமும் போகிறேன்.

அங்கே உட்கார்ந்து உன் கடிதங்களை மறுபடி படித்தேன். பரவாயில்லை, கவலை வேண்டாம், குறையில்லை. சொல்லாமல் ஓடிவந்தவன்மேல் ஒரு வரி கோபம்கூட இல்லை. கேட்பார் என்று நம்பினதால்தான் யோனாஸ் சண்டை போட்டார். நான் கேட்பேன் என்ற நம்பிக்கை உனக்குப் போய்விட்டதா? பயமாக இருக்கிறது.

சவரிமுத்து

புதுச்சேரி, 19 ஆகஸ்ட் 1934

கோபம் இல்லையா? பாவி மனுஷா! பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீங்களும் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் பறிகொடுத்தேன். அவள் பாவாடையை யாரிடம் காட்டி அழுவது, ராஜாம்பாளிடமா? உப்பளம் கல்லறையில் அவள் சிலுவைக்குத் தனியாகச் சுண்ணாம்பு அடித்தேன். "வூட்டுக்காரரு எங்க?" என்று கேட்டவர்களிடம், "வேலையா போயிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பொய். பரவாயில்லை என்று உங்களுக்கு எழுதியதும் பொய். செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. காகிதத்தில் எழுத மாட்டேன். அடுத்த கப்பலில் வாருங்கள். எதிரில் உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள்.

மதலேன்