கிரேலுக்குக் கிடைக்காத படம்

குயின்ஸ், நவம்பர் 6

அன்புள்ள ரோண்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருவரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. அலாஸ்காவில் இப்போதே பனி கொட்டுமே. நீ ஓட்டும் அந்தத் தட்டாம்பூச்சி விமானத்தை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. கையுறை போட்டுக்கொள்கிறாயா?

பெரிய செய்தி: நம் வீட்டுக்கு டெஸ்மண்ட் கிரேல் வந்தார். ஆமாம், டி.வி.யில் தினமும் ஊரைச் சிரிக்கவைக்கிற அதே கிரேல்தான். கையில் சீஸ் கேக்கோடு நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

உனக்குத் தெரிந்த கதைதான். அப்பா யார் பெயரையாவது போட்டுக் கேலிச்சித்திரம் வரைந்தால், பத்திரிகை கடைக்கு வந்த அன்றே அந்த ஆளிடமிருந்து அசல் படத்தைக் கேட்டு போன் வரும். ஒரு செனட்டரைப் பன்றியாகவே வரைந்தார்; அவரும் ஆசையாக வாங்கிப் போய்க் குளியலறையில் மாட்டினார். பெரிய மனிதர்கள் எல்லோரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். அது அடக்கமாம். வருகிற விருந்தாளி ஒருவர் விடாமல் பார்ப்பார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அப்பா யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. கிரேல் பெயர் போட்டு வரைந்த படத்துக்கு மட்டும் சொல்லிவிட்டார். பேரம் பேசுகிறார் என்று நினைத்துத்தான் கிரேல் நேரில் வந்தது. “என் பேரு இருக்கிற படம், நியாயமா எங்கிட்டதானே இருக்கணும்” என்று அவர் வாதாட, “உங்க பேரு டெலிபோன் டைரக்டரியிலயும் இருக்கு, அதைக் கிழிச்சு மாட்டிக்குங்க” என்றார் அப்பா. சிரிப்பை அடக்க முடியாமல், கேக் வெட்டுகிற சாக்கில் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

அந்தப் படத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு பெண் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அப்பன்காரன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், “கதவைச் சாத்து, கிரேல் வரப்போறான்” என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு உன் மூக்கு.

கிரேல் மேசையில் கிடந்த படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளை வண்ணம் பூசித் திருத்திய இடம் அசலில் தெரியும். வாங்குகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். “இந்தப் பொண்ணு முதல்ல வெளியேதானே போய்க்கிட்டிருந்தா? நீங்கதான் அழிச்சிட்டு உள்ளே வர்ற மாதிரி திருப்பியிருக்கீங்க” என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சட்டப் படிப்பை விட்டதற்காக, இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்று உன்னிடம் கத்தின மனிதர் இவர்தான்.

கிரேல் படத்தை மெல்ல மேசையில் வைத்தார். “பொண்ணு இப்ப எங்கே?” என்று என்னிடம் கேட்டார். விமானம் ஓட்டுகிறாள் என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. “அப்ப சீக்கிரமே வந்துடலாமே” என்று சொல்லி, இரண்டு துண்டு கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார். மறுநாள் அப்பா படத்துக்குச் சட்டம் போட்டு வாசல் கதவுக்கு நேர் எதிரே மாட்டினார்.

இந்த மாதக் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு ரொம்பப் பெரியது. அப்பா உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நீ வந்து நின்றால்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், கதவைச் சாத்து என்றுதான் சொல்வார். கோபித்துக்கொள்ளாதே, கண்ணு. சாத்திவிட்டு உள்ளே வா.

பத்திரமாகப் பற.

உன் அம்மா,
ஐடா